க்ரூசர் சைக்கிள்: செங்கோட்டைக் காற்றுக்குச் சரிப்படுமா?

ஜூன் 2, கேள்வி

செங்கோட்டையில் இருக்கிறேன். வயது 54. முட்டி வலி. நடையைக் குறைத்து சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மகன் க்ரூசர் வாங்கித் தருகிறேன் என்கிறான். படத்தில் பார்த்தேன்: அகல ஹேண்டில்பார், குண்டு டயர், சோபா மாதிரி சீட். எனக்கு என்னவோ இது நம்ம அப்பா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிளுக்கு மேக்கப் போட்ட மாதிரிதான் தெரிகிறது. பரணில் ஒரு 24 இஞ்ச் வண்டி கிடக்கிறது. அதையே துடைத்து ஓட்டினால் போதாதா? யாராவது நம்ம பக்கத்தில் க்ரூசர் வைத்திருக்கிறீர்களா?

ஜூன் 2, இரவு

நான் வைத்திருக்கிறேன் அண்ணாச்சி. பண்பொழி. மூன்று வருடமாகிறது. வர்க்கலையில் ஒரு தங்குமிடத்தில் வாடகைக்கு விட்டுத் தேய்ந்ததை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். கொல்லத்துக்குக் காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வேனில் போட்டுக் கொண்டுவந்தேன். கடல் காற்றில் சீட் ஸ்ப்ரிங் துருவேறிக் கிடந்தது. ஆரியங்காவில் டீ குடிக்க இறங்கியபோது கடைக்காரர், "இது எந்து வண்டி சேட்டா, எஞ்சின் எவிடே?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மேக்கப் என்று சொன்னது பாதி சரி. உட்காரும் விதம் இரண்டிலும் ஒன்றுதான்: முதுகு நேராக, கண் வயல்காட்டைப் பார்த்தபடி. வித்தியாசம் டயரில். நம்ம பழைய வண்டியின் சக்கரம் 28 இஞ்ச் (நீங்கள் சொல்லும் 24 ஃப்ரேமின் உயரம்), டயர் ஒன்றரை இஞ்ச் அகலம். க்ரூசர் 26 இஞ்ச், அகலம் 2.125. காற்றை 40 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் வடகரை ரோட்டுக் குழியெல்லாம் குழியாகவே தெரியாது.

வாங்குங்கள். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். விழவே மாட்டீர்கள். ஒற்றைக் கியர் போதும், நம்ம பக்கம் சமதரைதானே.

ஜூன் 3

எஞ்சின் விஷயம். 1933இல் சிக்காகோவின் ஷ்வின் கம்பெனி இந்தக் குண்டு டயர் சைக்கிளைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். சைக்கிள் என்றாலே பிள்ளைகள் வண்டி என்று ஆகிவிட்ட நாட்டில், பையன்களை இழுக்க மோட்டார் சைக்கிள் ஜாடையில் செய்தார்கள். பெட்ரோல் டேங்க் மாதிரி ஒரு போலி டேங்க்கூட வைத்தார்கள். ஆரியங்காவுக்காரர் ஏமாந்தது அந்த ஜாடையில்தான். 2.125 என்கிற அகலமும் அந்தக் காலத்தில் வந்ததே. கலிபோர்னியா கடற்கரையில் அலைச்சறுக்கு ஆட்கள் பழைய வண்டிகளை எடுத்துத் துடைத்து ஓட்ட ஆரம்பித்த பிறகு கடற்கரை வண்டி என்று பேர் வந்தது.

கடற்கரை என்பதைக் கவனியுங்கள். ஏற்றம் கிடையாது, அவசரம் கிடையாது. நமக்கு அவசரம் இல்லை, சரி. மற்றது பற்றி நேற்று கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

ட்யூப் கிடைக்குமா என்று தென்காசித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 26 இஞ்ச் என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஜூன் 14

மேலே சொன்னது தப்பு. ஆலங்குளம் அண்ணாச்சி நாசூக்காகத் திருத்தியிருக்கிறார். நானும் போன வருடம் இதே தப்பைச் செய்து காசைத் தொலைத்தவன்தான், அப்படியும் மறந்துவிட்டேன். 26 என்று எழுதியதெல்லாம் 26 இல்லை. பெண்கள் ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிளில் 26 × 1⅜ என்று இருக்கும். அதன் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர். க்ரூசரின் 26 × 2.125க்கு ரிம் 559. முப்பத்தொரு மில்லி வித்தியாசம். கடைக்காரரும் நானும் அரை மணி நேரம் ரிம்மோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் டயரின் பக்கவாட்டைப் படித்தோம். அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த டயர் இப்போது முருங்கைக் கன்றைச் சுற்றிக் கிடக்கிறது.

நல்ல சேதி, பையன்கள் ஓட்டும் பழைய 26 இஞ்ச் மலை சைக்கிளுக்கும் அதே 559தான். அதனால் ட்யூப் பஞ்சமில்லை. 1.95, 2.125 இரண்டுக்கும் ஒரே ட்யூப் பொருந்தும்.

ஜூன் 21

காற்று ஆரம்பித்துவிட்டது. இந்த இழையைத் திறந்த அன்றே இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்காக: ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று ஜூனில் இறங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. சுரண்டை பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, க்ரூசர்காரன் பறப்பான், அதுவும் பின்பக்கமாக.

முதல் வருடம் எனக்கு நடந்தது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிறது, கேரளாவிலிருந்து கார் காராக வந்து படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிறு கிளம்பினேன். ஆய்க்குடி, சாம்பவர்வடகரை வழி. ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். வேர்க்கவில்லை. கால் இத்தனை வலுவாகிவிட்டதே என்று எனக்கே ஆச்சரியம். பூவைப் பார்த்தேன், சர்பத் குடித்தேன், கடைக்காரரிடம் இந்த வண்டியின் அருமையைப் பேசினேன். அப்புறம் வண்டியை மேற்கே திருப்பினேன்.

திரும்ப இரண்டேகால் மணி நேரம். ஆய்க்குடி தாண்டி இரண்டு இடத்தில் இறங்கி உருட்டினேன். சாதா சைக்கிளில் குனிந்து ஹேண்டிலோடு ஒட்டிக்கொள்ளலாம். க்ரூசரில் குனிய வழியே இல்லை. கைகள் அகன்று, நெஞ்சு விரிந்து, சட்டை உப்பி, சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிற்கிறோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். மணிக்கு 12 கிலோமீட்டரில் மிதிக்கிறீர்கள், எதிர்காற்று 20 என்றால் சக்கரத்துக்கு 12, நெஞ்சுக்கு 32.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மே கடைசி முதல் செப்டம்பர் வரை வீட்டிலிருந்து மேற்கே மட்டும்தான் கிளம்புவேன். பண்பொழியிலிருந்து மேக்கரை போய் அடவிநயினார் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. போகும்போது காற்றோடு மல்லு, உடம்பு புதுசாக இருக்கும்போதே அது முடிந்துவிடும். வரும்போது முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுகிற மாதிரி. பெடல் சும்மா சுற்றும். காலை ஆறு மணிக்கு முன் என்றால் காற்றும் கொஞ்சம் தூங்கும்.

ஜூன் 22

"அப்படியானால் க்ரூசரே வேண்டாமா?" என்று செங்கோட்டை அண்ணாச்சி கேட்கிறார். இல்லை. உங்கள் பரண் வண்டியிலும் முதுகு நேர்தான், அதற்கும் இதே கதிதான். திசையைப் பார்த்துக் கிளம்புங்கள் என்பதுதான் விஷயம்.

ஜூலை 5

கியர். ஒற்றைக் கியர் போதும் என்றேன் அல்லவா. என் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் போகும். காற்றில்லாத நாளில் சுகம். காற்றில் அது முட்டிக்குத் தண்டனை. பின்னால் 20 பல் மாற்றினேன். சின்ன வளையம் ஒன்றைக் கழற்றினால் பல்சக்கரம் கையோடு வந்துவிடுகிறது. செயின் நீளம் போதாமல் பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பூட்ட வேண்டியிருந்தது. இப்போது ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர். அரை மீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மேக்கரை ரோட்டில் போய்ப் பாருங்கள்.

முட்டி வலிக்காரர் புதிதாக வாங்குவதென்றால் மூன்று கியர் ஹப் உள்ளதைத் தேடுங்கள். கியரெல்லாம் பின்சக்கரத்துக் குடத்துக்குள்ளேயே இருக்கும், வெளியே தொங்கும் சமாச்சாரம் எதுவும் கிடையாது. ஷிமானோவின் மூன்று கியர் ஹப்பில் நேர் கியரை 1 என்று வைத்தால் கீழ் கியர் 0.73, மேல் கியர் 1.36. கீழ் கியர் காற்றுக்கு, மேல் கியர் வீடு திரும்ப. நின்றபடியே கியர் மாற்றலாம் என்பது ஐம்பது தாண்டியவர்களுக்குப் பெரிய உபகாரம்.

ஜூலை 12, மழைநாள்

சாரல். வெளியே போகவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக.

பின்மிதி பிரேக் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நிறைய க்ரூசரில் கையில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரக் குடத்துக்குள் பிரேக் பிடிக்கும். மழையில் நனையாது, கேபிள் அறாது. ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஏறுவதற்கு முன் பெடலைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி வாகான இடத்தில் நிறுத்தி, அதில் இடது காலை வைத்து ரெண்டு தத்து தத்தி, காலைத் தூக்கிப் போடுவது. இதில் பெடல் பின்னால் சுற்றாது. முதல் வாரம் முழுக்க நான் வீட்டு வாசலில் குரங்குப் பெடல் பழகும் பையன் மாதிரி நின்றேன். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துப் பெடலை முன்னால் சுற்றினால் வாகான இடத்துக்கு வரும். அதுதான் வழி.

இன்னொன்று. செயின் கழன்றால் பிரேக்கும் போச்சு. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தாலும் போச்சு. இதை நான் புத்தகத்தில் படித்தால் போல எழுதுகிறேன், ஆனால் கற்றது வேறு இடத்தில்.

கோட்டைவாசல். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறினால் கேரள எல்லை. மேலே போய் ஒரு கட்டன் சாயா, ரெண்டு பழம்பொரி என்று ஒரு ஆசை. ஏற்றத்தில் வண்டியை உருட்டிக்கொண்டே போனேன், அதில் வெட்கமில்லை. இறக்கத்தில்தான் சங்கதி. வைக்கோல் லாரி ஒன்று முன்னால் ஆடிக்கொண்டு போகிறது, முந்த முடியாது, பின்னாலும் லாரி. பெடலைப் பின்னுக்கு அழுத்தியபடியே வருகிறேன். இரண்டாவது வளைவில் அடுப்பில் வாணலி காய்ந்த மாதிரி ஒரு வாசனை. லாரியின் பிரேக் என்று நினைத்தேன். மூன்றாவது வளைவில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்கவில்லை. செருப்பைத் தரையில் தேய்த்து, ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். குடத்திலிருந்து லேசாகப் புகை. ஞாபகமறதியில் விரலை வைத்துப் பார்த்தேன், கொப்புளம். உள்ளே இருந்த கிரீஸ் முழுக்கக் காய்ந்து போயிருந்தது.

பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. 1976இல் கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பையன்கள் இதே மாதிரிப் பழைய ஷ்வின் வண்டிகளை மலை மேலே கொண்டுபோய் மண்பாதையில் பாய்ந்து இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் கிரீஸ் எரிந்துபோகும், திரும்ப அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பேர். மலை சைக்கிள் என்று இன்று விற்கிறார்களே, அது அந்த விளையாட்டிலிருந்து பிறந்ததுதான். நான் புளியரையில் தனியாக நடத்திய பந்தயத்தில் பிறந்தது ஒரு கொப்புளம்.

செங்கோட்டையில் வயதான மெக்கானிக் ஒருவர் குடத்தைப் பிரித்துத் துடைத்து, பால் ரேஸ் (பேரிங் குண்டுகள் உருளும் வளையம்) பார்த்து, கிரீஸ் வைத்துக் கொடுத்தார். முன் பிரேக் மாட்டச் சொன்னேன். டயர் அகலத்துக்குச் சாதா பிரேக் கவ்வவில்லை. கடைசியில் பழைய மலை சைக்கிளின் முன் ஃபோர்க்கையே மாற்றி அதன் பிரேக்கைப் பிடித்தோம். அழகு கெட்டுவிட்டது. இருந்தாலும் இப்போது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அண்ணாச்சி, புது வண்டி வாங்கினால் கடையிலேயே முன் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ஜூலை 13

"பண்பொழிக்காரருக்குக் கோட்டைவாசலில் பழம்பொரி எதற்கு, பிரானூர் பார்டரில் பரோட்டா போதாதா" என்று ஒருவர். போதும் போதும். பார்டர் என்று பேர் இருக்கிறதே, அங்கே எல்லை எங்கே என்று முன்பு ஒரு சென்னை நண்பர் கேட்டார். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம், பிரானூர்தான் அப்போது எல்லை. ஊர் இந்தப் பக்கம் வந்தது, எல்லை கோட்டைவாசலுக்குப் போனது, பேர் மட்டும் பரோட்டாக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. சைக்கிளுக்கும் இதற்கும் சம்பந்தம்: பரோட்டா சாப்பிட்டுவிட்டு இரவில் கிழக்கே திரும்புகிறவர்களுக்குக் காற்று உதவும். எனக்கு உதவாது.

ஜூலை 30

அண்ணாச்சி நேற்று பண்பொழி வந்து என் வண்டியை ஓட்டிப் பார்த்தார். முதலில் பரண் வண்டியை இறக்கித் துடைத்தாராம். எல்லாம் சரி, காலைத் தூக்கிப் பாரைத் தாண்டிப் போட முட்டி விடவில்லை. என் வண்டியிலும் பார் இருக்கிறது, ஆனால் வளைந்து தாழ்ந்தது. திண்ணையில் சாய்த்துவைத்து ஏறினார். திருமலைக்கோயில் அடிவாரம் வரை போய் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

ஆகஸ்ட் 1

முட்டி வீங்கிவிட்டதாம். தப்பு என்மேல்தான்.

ஜூன் 2 அன்று சீட்டை நன்றாக இறக்கச் சொன்னேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் பெடல் மேலே வரும்போதெல்லாம் முட்டி குறுக மடங்குகிறது, அந்த மடக்கத்திலேயே பலத்தையும் போடுகிறோம். நல்ல முட்டிக்கே வலிக்கும். சரியான அளவு இது: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது லேசாக மடங்கியிருக்கும். அப்படி வைத்தால் நிற்கும்போது நுனிக்கால்தான் தரையில் படும். சில க்ரூசர்களில் பெடலையே சீட்டுக்கு ரொம்ப முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், அதில் காலும் நீளும், தரையிலும் ஊன்றலாம். மற்றதில் இரண்டில் ஒன்றுதான். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகினால் போதும்.

அகல சீட் பற்றியும் ஒரு வார்த்தை. நிமிர்ந்து உட்காரும்போது எடை முழுக்கப் பின்பக்கம்தான், அதனால் ஸ்ப்ரிங்கும் அகலமும் தேவை. ஆனால் பஞ்சு அதிகமானால் இருபது கிலோமீட்டருக்கு மேல் தொடை உரசும். சூரியகாந்தி நாளில் காற்றைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

அண்ணாச்சி ஒரு வாரம் ஓய்வுக்குப் பிறகு, சீட் ஏற்றி, காலையில் நாலு கிலோமீட்டர். முட்டி பேசவில்லை என்கிறார்.

இப்போது பார் இல்லாத மாடல் வாங்கலாமா என்று யோசிக்கிறார், ஆனால் அது "லேடீஸ் சைக்கிள்" ஆயிற்றே என்று தயக்கம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சிரித்தவன். என் வீட்டுக்காரி என் வண்டிக்கு வைத்த பேர் எருமை. பார் இல்லாத ஒன்று வாங்கியிருந்தால் எருமையை அவளும் ஓட்டியிருப்பாள். ஏறும்போது காலை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதைக் கடையிலேயே பத்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். டயர், கியர், கலர் எல்லாம் அதற்கப்புறம்.

அக்டோபர் 27

காற்று நின்றுவிட்டது. இந்தப் பத்து நாள் எந்தத் திசையிலும் போகலாம். நேற்று இலத்தூர்க் குளக்கரை. மழை வருவதற்குள் அனுபவித்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 24

ஐயப்ப சீசன். புளியரை ரோடு, அச்சன்கோவில் ரோடு இரண்டிலும் ராத்திரி பகல் வண்டிகள். க்ரூசரை எடுக்காதீர்கள். அகல ஹேண்டில் லாரிக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே இடம் அடைக்கும். ஊருக்குள்ளும் வயல் பாதையிலும் போதும். பின்னால் ஒரு சிவப்பு லைட் அவசியம்.

டிசம்பர் 18

எண்ணெய் விஷயத்தில் புனலூர்த் தம்பி தேங்காய் எண்ணெய் போடலாமா என்கிறார். தம்பி, மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். வராது. செயினிலும் அப்படியே உறையும். மண்ணெண்ணெயில் துடைத்து, காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். சாரல் காலத்தில் வாரம் ஒருமுறை.

ஜனவரி 20

அண்ணாச்சி வாங்கிவிட்டார். பார் இல்லாதது, மூன்று கியர், முன் பிரேக் உண்டு, வெளிர்பச்சை. மகன் கறுப்புதான் வேண்டும் என்றானாம், கேட்கவில்லை. குற்றாலத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறார், நடுவில் ஒருமுறைதான் இறங்கினாராம். பெல் மட்டும் பொம்மை பெல் மாதிரி கிணுங்குகிறதாம், ஆடு கூட விலகுவதில்லையாம்.

பரண் வண்டியின் பெல்லைக் கழற்றி மாட்டச் சொன்னேன்.

ஜனவரி 23

மாட்டிவிட்டாராம். ஹேண்டில் தடிமன் ஒன்றேதான், ஸ்க்ரூ மட்டும் துருப்பிடித்து உடைந்துவிட்டது. இரண்டு ரூபாய் ஸ்க்ரூ. ஆடு விலகுகிறது.